என் வயிற்றின் பேரில் ஒரு வழக்கு

உயர் நீதிமன்றத்தில் என் வயிற்றின் பேரில் ஒரு வழக்கு நடந்தது. மனுதாரர்கள் என் ஓரகத்தியும் அவள் வீட்டுக்காரரும், அதாவது என் கணவரின் அண்ணியும் அண்ணனும். எதிர்மனுதாரர் ஒன்றிய அரசு. மனுவுக்குள் நான் ஒரே ஒரு இடத்தில் வருகிறேன், 'விருப்பமுள்ள பெண்' என்று. சட்டத்தில் இருக்கிற வார்த்தையே அதுதான், பெயர் போட்டால் ரகசியம் கெட்டுவிடும் என்றார் வக்கீல். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கினால் டீக்கடையில் நிற்கிறவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த லட்சணத்தில் ரகசியம் ஒன்றுதான் குறைச்சல்.

எங்கள் வீட்டில் ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அண்ணன் தம்பி இருவருக்கும் நிலம் பொது. நெல் வாலாஜாபாத் மில்லுக்குப் போகும். நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஓரகத்தியை அக்கா என்றும் அவள் வீட்டுக்காரரை மாமா என்றும் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அக்காவின் முதல் பிரசவத்தில் குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுத்தார்கள். அதன்பின் ரத்தம் நிற்கவில்லை. உயிர் பிழைக்க வேண்டுமே என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். காப்பாற்றிய டாக்டர்மேல் எங்களில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பிறந்தது பெண். இழுத்ததில் அவளுடைய இடது தோள் நரம்பு நைந்து, அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாமல் போயிற்று.

பாப்பாவின் கை விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் உதவித்தொகை வரும் என்று அங்கன்வாடி டீச்சர் நல்ல மனசோடுதான் வந்து சொன்னார். "எம் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? அட்டையாம் அட்டை" என்று அக்கா அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். கொளுத்துகிற வெயிலிலும் பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டை. போட்டோ என்றால் வலது பக்கம் முன்னால். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார்கள். "தூக்குடி, இன்னும் தூக்குடி" என்று அக்கா அதட்டுவது சாத்திய கதவையும் தாண்டி என் அடுப்பங்கரைக்குக் கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் டிரில் வந்தபோது பெரிய சங்கடமாகிவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். உடம்பை வலது பக்கமாக லேசாகச் சாய்த்து, இடது தோளை ஒரு வெட்டு வெட்டி, கையை வீசிவிட வேண்டும். எதிரே நிற்கிறவர் கண்ணுக்கு இரண்டு கையும் மேலே போன மாதிரிதான் தெரியும். பீரோ கண்ணாடி முன்னால் நிறுத்தி வைத்து அக்காவும் நானும் மாற்றி மாற்றிப் பழக்கினோம். நாலாம் வகுப்புக்கு வருவதற்குள் அவள் அதில் கைதேர்ந்துவிட்டாள். டிரில் மாஸ்டருக்கே தெரியாது.

என் மகன் வயிற்றில் இருந்தபோது இரண்டு அடுப்பையும் அக்காதான் பார்த்தாள். குழந்தை உதைத்தால் ஓடிவந்து என் வயிற்றில் கையை வைப்பாள். வைத்த கையை எடுக்க அவளுக்கு மனசே வராது. சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் இருவரும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். "எனக்கு இன்னொண்ணு வேணும்னு கீதுடி. பைத்தியம்னு வேணா சொல்லிக்கோ" என்றாள். ஒரு கடலையை உடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "பைதான எடுத்தாங்க, முட்டை கீதில்ல. இப்பல்லாம் வேற வயித்துல வெச்சிக் குடுக்கறாங்களாமே."

"அப்ப என் வயித்துல வெச்சிக்கோ" என்றேன்.

"வாயாலதான சொல்ற?"

"நெசமாத்தாங்க்கா."

அக்கா உரித்த பருப்பையும் தோலையும் சேர்த்தே முறத்தில் போட்டுக்கொண்டே போனாள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து அதைப் பொறுக்கிப் பிரித்தோம்.

என் கணவர் முதலில் தாம்தூம் என்று குதித்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். மாமாவுக்கு வேறு கணக்கு. "நெலத்தப் பாக்க ஒரு பையன் வேணுமில்ல" என்றார். "சொமக்கறது நானு. பொண்ணா வந்தா திருப்பி அனுப்பிடுவீங்களா மாமா?" என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். சுமக்கிறவள் கல்யாணம் ஆனவளாக இருக்க வேண்டும், சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் சுமக்கலாம், காசு வாங்கக்கூடாது. கருவை வைக்கிற நாளில் வயது இருபத்தைந்துக்கு மேல், முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்து மூன்று. எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படித் தேறியதில்லை. பிறகு அவர் அக்காவிடம் திரும்பி, ஏற்கெனவே குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு கீது மேடம்" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஒரு குழந்தை உயிரோடு இருந்தால் வாடகைத்தாய் முறைக்கு அனுமதி இல்லை, சட்டம் அப்படி. கர்ப்பப்பை இருக்கிறவள் நாலு பெற்றாலும் எந்தச் சட்டமும் ஏன் என்று கேட்காது. முதல் பிரசவத்திலேயே அதைப் பறிகொடுத்தவள் மட்டும் ஒன்றோடு திருப்திப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிரிவை எழுதியவர்கள் எந்த ஏசி ரூமில் உட்கார்ந்து, எத்தனை காப்பி குடித்துக்கொண்டு எழுதினார்களோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போடலாம் என்று யாரோ சொல்லி, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சந்தில் மாடியில் இருந்த வக்கீலைப் பிடித்தோம். கெட்டிக்காரர். அரசியல் சாசனத்தில் எல்லாரும் சமம் என்று ஒரு பிரிவு, உயிரோடும் கண்ணியத்தோடும் வாழலாம் என்று இன்னொரு பிரிவு, இரண்டின்படியும் இந்தத் தடை செல்லாது என்று மனு எழுதினார். அவர் படித்துக் காட்டியபோது அக்கா அழுதுவிட்டாள். தன் வயிற்றெரிச்சலை இவ்வளவு மரியாதையான வார்த்தைகளில் அவள் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சட்டம் ஒன்று வெட்டியிருக்கிறது. ஊர்ச் சபைக்குக் குடவோலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி, எந்த வயதுக்குக் கீழே கூடாது, எந்த வயதுக்கு மேலே கூடாது, யாருடைய சொந்தக்காரனைச் சேர்க்கக்கூடாது என்றெல்லாம் இருக்கும். வேன் வேனாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். அதில் பெண்கள் பேச்சே கிடையாது. ஆயிரம் வருஷம் கழித்து எங்களையும் சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், மேல் வரம்பும் கீழ் வரம்பும் போட்டு. இந்த முன்னேற்றத்துக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்போல.

முதல் விசாரணைக்கு நானும் போனேன். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடை. கோர்ட் அறையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நீதிபதி எங்கேயோ தூரத்தில் இருந்தார். பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள், நம் வக்கீல் எழுந்து நின்றார், அரசு வக்கீல் எழுந்து நின்றார், மூக்கைச் சிந்துகிற நேரத்தில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். இதே சட்டத்தை எதிர்த்து டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில் ஏற்கெனவே பல வழக்குகள் இருக்கிறதாம். வயது வரம்பு தப்பு என்று சிலர், தனியாக வாழும் பெண்களை ஒதுக்கியது தப்பு என்று சிலர், எங்களைப் போலக் கையில் ஒரு குழந்தையோடு நிற்கிறவர்கள் சிலர். அங்கே ஒரு முடிவு வரட்டும் என்று இங்கே தள்ளிவைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வாய்தாமேல் வாய்தா. என் வயது ஓடிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுக்குத்தான் அந்த அவசரம் இல்லை.

ஊரில் என் தலை உருண்டது. வயிற்றை விற்று நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள். நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர், "இதெல்லாம் நம்ம ஊருக்குத் தேவையாம்மா?" என்று நல்லவர்போல் கேட்டார். "ஒங்க ஊட்ல எத்தினி பசங்க?" என்று கேட்டேன். ஐந்து என்றார். "அது மட்டும் தேவையா இருந்துதா?" என்றேன். அதற்கப்புறம் அவர் டீக்கடையிலேயே பேப்பர் படித்துக்கொண்டார்.

ஒரு வாய்தாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. பாப்பாவும் கூட வந்தாள். வக்கீல் அறையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தமிழ்ப் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சட்டத்தை எதிர்த்து நிக்கறது ஒரு வழி. அது டெல்லியில முடியற வரைக்கும் நகராது. சட்டத்துக்குள்ளயே பூந்து போறது இன்னொரு வழி. இருக்கற குழந்தைக்கு மனசிலயோ உடம்பிலயோ குறை இருந்தா, இல்ல தீராத வியாதி இருந்தா, ரெண்டாவதுக்கு அனுமதி உண்டுன்னு விலக்கு குடுத்திருக்காங்க. உங்க பொண்ணுக்கு அப்படி ஏதாவது...?"

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பத்து வருஷமாகச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாததை மாமா மென்று முழுங்கிச் சொன்னார்: "கை சார். லெப்ட்டு கை. மேல வராது." புத்தகத்தின் பக்கம் புரள்கிற சத்தம் நின்றுபோனது. மாவட்ட மருத்துவ போர்டில் ஒரு சான்றிதழ் வாங்கிவந்தால், குறை கொஞ்சம் கூடுதலாக இருந்தால், தனக்கு வாதாட ஒரு பிடி கிடைக்கும் என்றார் வக்கீல்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சண்டை போட்டேன். நம் பிள்ளை ஊனம் என்று எழுதி வாங்கித்தான் இன்னொரு பிள்ளை வர வேண்டுமா, அப்படி வருகிற பிள்ளையை என் வயிற்றில் எப்படிச் சுமப்பேன் என்று கேட்டேன்.

"ஒரு பேப்பருதானடி. காரியம் ஆனதும் கிழிச்சிப் போட்டுட்லாம்" என்றாள்.

"கவர்மெண்ட்டு எழுதினத நீ எங்கருந்து கிழிப்ப?"

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற? ஒனக்கு வயசு ஏறிக்கினே போவுது. கோர்ட்டுல அசைய மாட்டன்றாங்கோ. ஒரு பையனப் பெத்துட்ட, ஒனக்கு இன்னா தெரியும்?" சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள்.

போர்டுக்குப் போன அன்று பாப்பாவிடம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் சொன்னோம். அக்கா பழக்கதோஷத்தில் அவளுக்கு முழுக்கைச் சட்டையே போட்டுவிட்டாள். பஸ்ஸிலும் பழக்கதோஷத்தில் அவளை ஜன்னல் ஓரமாக, இடது பக்கம் மறைகிற மாதிரி உட்கார வைத்தாள். தூக்கு தூக்கு என்று பத்து வருஷம் சொன்ன எங்களில் ஒருவருக்கும், இன்றைக்குத் தூக்காதே என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர்கள் பார்த்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டோம்.

உள்ளே பெரிய மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். "ரெண்டு கையையும் மேல தூக்கும்மா" என்றார் நடுவில் இருந்தவர். பாப்பா டிரில்லுக்கு நிற்பதுபோல் காலைச் சேர்த்து நின்றாள். சாய்ந்தாள், தோளை வெட்டினாள், வீசினாள். டாக்டர் விவரமானவர், எழுந்து வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சாயாம தூக்கு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கோர்க்க, காதுவரை தூக்கிவிட்டாள். அவ்வளவு உயரத்துக்கு அவள் தூக்கி நான் பார்த்ததே கிடையாது.

"வெரி குட். நல்லா பயிற்சி குடுத்திருக்கீங்க" என்று டாக்டர் அக்காவைப் பாராட்டினார். குறைபாடு லேசானது என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் காரியத்துக்கு அது உதவாது.

வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும் அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி தூக்கின? ஏண்டி தூக்கின?"

பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானம்மா தூக்குனேன்" என்றாள்.

மாமா தன் பங்குக்குப் போட்டு உடைத்தார். "ஒன்னால தூக்க முடியலன்னு எழுதிக் குடுத்தாத்தான் ஒனக்குத் தம்பி வருவான். புரியுதா?" அவர் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பாப்பா அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கிக் கொடுத்த முறுக்கை ஊர் வரும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறு பரிசீலனைக்கு எழுதிப்போட்டோம். அது வர மாசக்கணக்காயிற்று. அந்த இடைவெளியில் வீட்டில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாப்பா டிரில்லில் இடது கையைத் தொங்கவிட ஆரம்பித்தாள். டிரில் மாஸ்டர் கேட்டார், வகுப்புக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரிந்தது. பத்து வருஷமாகக் கட்டிக்காத்தது ஒரு வாரத்தில் சந்தி சிரித்தது. கதவைச் சாத்திக்கொண்டு செய்த பயிற்சியும் நின்றுபோயிற்று. கை இறுகினால் நல்லதுதான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பயிற்சியை ஏன் விட்டாய் என்று நான் கேட்டால், "பேஜார் பண்ணாதடி, எல்லாம் முடிஞ்சதும் செஞ்சிக்கலாம்" என்பாள் அக்கா. நானே செய்துவிடலாம் என்று பாப்பாவைக் கூப்பிட்டேன். "வேணாம் சித்தி, அப்புறம் தம்பி வரமாட்டான்" என்று கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

இரண்டாவது போர்டில் வேறு டாக்டர்கள் இருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது பாப்பா வலது கையை மட்டும் தூக்கினாள். இடது கை சும்மா தொங்கியது. "வரல சார்" என்றாள். டாக்டர் கையைப் பிடித்து உயர்த்திப் பார்த்தார். தோள் இறுகித்தான் இருந்தது. நாங்கள் வேண்டிய மாதிரியே சான்றிதழ் கிடைத்தது. அக்கா அதை மடிக்காமல் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை, அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு எல்லாரும் போனோம். வக்கீல் சான்றிதழைப் படித்து, "இது போதும்" என்று தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு இப்ப வயசு என்னம்மா?" என்றார். முப்பத்தைந்து முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மனு போட்ட தேதியைத்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் கருவை வைக்கிற நாளில் என்றுதான் சட்டம் சொல்கிறது, எந்த ஆஸ்பத்திரியும் துணியாது என்றார். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "வேணும்னா அந்தப் பிரிவையும் எதிர்த்து ஒரு மனு போடலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். அக்கா கையில் இருந்த சான்றிதழை என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது சொந்தக்காரப் பெண் கிடைப்பாளா என்று மாமா வக்கீலிடம் கேட்டார்.

கோட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றோம். அக்காவும் மாமாவும் சிமெண்ட் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா என் பக்கத்தில் வந்து நின்று புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி வரமாட்டானா சித்தி?"

"வரமாட்டான் கண்ணு."

"அப்ப இனிமே நான் கையத் தூக்கலாமா?"

"தூக்குடி. எவ்ளோ வேணாலும் தூக்கு" என்றேன்.

அவ்வளவு கூட்டத்தின் நடுவில் காலைச் சேர்த்து நின்றாள். வலது பக்கம் சாய்ந்து, தோளை வெட்டி, கையை வீசினாள். மார்பு வரை வந்து நின்றுவிட்டது. மறுபடியும் வீசினாள். வலது கையால் முழங்கையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள்.

"வரல சித்தி" என்றாள்.